ஆயிரம் நடை

நாலரை மணிக்கெல்லாம் தேனி மாவட்டத்து ராசிங்காபுரத்தில் ஜீப் வந்து நின்றுவிடும். இருட்டு இன்னும் விலகியிருக்காது. தூக்குவாளியில் சோறு, சுருட்டி வைத்த பிளாஸ்டிக் தாள், தலைக்குக் கட்ட ஒரு பழைய துண்டு. மலைக்குப் போகிறவர்களின் மூட்டை இவ்வளவுதான். ஏறி உட்கார்ந்த பிறகும் ஒருத்தி வாசலைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்: "தம்பிய எழுப்பிப் பள்ளிக்கொடத்துக்கு அனுப்பிருங்கத்தே. காலச் சாப்பாடு அங்கயே போட்டுருவாங்க." உள்ளேயிருந்து, "நீ போயிட்டு வா தாயி, நான் பாத்துக்கிறேன்" என்று பதில் வரும். ஜீப் போடிக்குப் போய், முந்தலைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏறி, சுமார் 4,500 அடி உயரத்தில் போடிமெட்டைக் கடந்து, பூப்பாறை, சாந்தாம்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் ஆளை இறக்கும். சாயங்காலம் அதே ஜீப்பில் திரும்பி வருவார்கள். கையில் பச்சைக்காய் வாசனை இருக்கும்.

தாய் மலைக்குப் போக, பிள்ளை கீழே பள்ளிக்குப் போவது இன்று எங்கள் பக்கத்தில் நடைமுறை. இரண்டு தலைமுறைக்கு முன்னால் இப்படி இல்லை. அப்போது மலைக்குப் போனால் குடும்பமே போகும். ராசிங்காபுரம் மலைக்கிராமம் அல்ல, மலையடி ஊர். மேற்கே நிமிர்ந்தால் மலை. அதன் மறுபக்கம் ஏலமலை. இரண்டுக்கும் நடுவே கணவாய்கள். அவற்றை நாங்கள் மெட்டு என்போம். தேவாரத்துக்கு மேற்கே சாக்கலூத்து மெட்டு, கோம்பைக்கு மேலே ராமக்கல் மெட்டு, போடிக்கு மேலே போடிமெட்டு. அரிசி, பருப்பு, கருவாடு, ஒரு சட்டி, ஒரு போர்வை எல்லாவற்றையும் தலையில் ஏற்றிக்கொண்டு இந்த மெட்டுகள் வழியே ஆட்கள் நடந்தே ஏறினார்கள். இடுப்பில் ஒரு பிள்ளை, கையைப் பிடித்தபடி ஒரு பிள்ளை. அங்கே லயம் என்னும் தோட்டத்து வரிசைவீடுகளில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்கல். கோம்பைக்காரரான லெனின் பாரதி இயக்கி 2018-ல் வந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை' படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த நடை தெரிந்திருக்கும். ஏலக்காய் மூட்டையோடு இறங்கும் கால்களை அந்தப் படம் பின்தொடர்கிறது.

ஆடியில் தொடங்கினால் தை, மாசி வரைக்கும் காய் எடுப்பு உண்டு. ஒரு சுற்று முடிவதற்குள் அடுத்த சுற்றுக்குச் செடி தயாராகிவிடும். பள்ளிக்கூடம் நடக்கிற மாதங்களும் இவைதான். அம்மா செடிக்கு அடியில் குந்தி உட்கார்ந்து சரத்தை விலக்கிக் காய் எடுக்கும்போது, எட்டு வயதுப் பெண் லயத்தில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் கீழே, முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் இதை யோசித்திருக்கிறது. ஒரு தோட்டத்தில் தொழிலாளரின் பிள்ளைகள், 6 முதல் 12 வயதுக்குள், 25 பேருக்கு மேல் இருந்தால், முதலாளி படிப்புக்கு வசதி செய்து தரவேண்டும் என்று மாநில அரசு விதி போடலாம் என்றது அச்சட்டம். மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்ப் பள்ளிகள் எழுந்ததற்கு அங்கே தோட்டம் பெரிது, கம்பெனி பெரிது, பிள்ளைகளும் ஓரிடத்தில் நூற்றுக்கணக்கில் என்பது ஒரு காரணம். ஏலத்தோட்டம் அப்படியல்ல. நாலு ஏக்கர், பத்து ஏக்கர் என்று சிதறிக் கிடப்பது. 25 பிள்ளைகள் என்ற கணக்கு அங்கே பல இடங்களில் எட்டவே எட்டாது. சட்டம் மலையேறும் வழியிலேயே நின்றுவிட்டது.

இந்த மலைக்குப் பொருளை ஏற்றவும் இறக்கவும் வழி கண்டுபிடிக்க முடியாமல் போனதே இல்லை. அதை நினைக்கும்போதுதான் மனசு பொறுக்கவில்லை. 1902-ல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. மாடு இழுத்த வண்டி. 1908-ல் அது இரண்டடி அகலத்தில் நீராவி ரயிலாக மாறியது. டாப் ஸ்டேஷன் விளிம்பிலிருந்து கீழே கொட்டகுடிக்குச் சுமார் 5 கிலோமீட்டர் கம்பிவடம் கட்டி, அதில் தேயிலைப் பெட்டிகளைத் தொங்கவிட்டு இறக்கினார்கள். அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிக்கு. 1924-ல் வந்த பெருவெள்ளம், மலையாளத்தார் தொண்ணூற்றொம்பதாம் வெள்ளம் என்று இன்றும் பேசுவது, அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. பெயர்கள் மட்டும் மலையில் தங்கிவிட்டன. டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்று அங்கே இன்றும் குடியிருப்புகள் இருக்கின்றன. நிர்வாகக் கணக்கில் போடி ஒன்றியத்தின் கொட்டகுடி ஊராட்சி. குரங்கணி வரை பஸ் போகும். அங்கிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறுகிறவர் கால்நடையாகத்தான் ஏறவேண்டும். வண்டியில் போவதென்றால் போடிமெட்டு, மூணாறு என்று வேறு மாநிலத்தைச் சுற்றி நூறு கிலோமீட்டரை ஒட்டிப் போகவேண்டும். கொழுக்குமலையும் அப்படித்தான். மலை தேனி மாவட்டத்தில், ஜீப் பாதை கேரளத்துச் சூரியநெல்லியில்.

தேயிலைப் பெட்டிக்கு நூற்றிருபது வருஷத்துக்கு முன்பே கம்பி கட்டிக் கொடுத்த சரிவு அது. அந்தச் சரிவில் ஒரு பள்ளிக்கூடம் கட்டுவதென்றால் என்ன நடக்கும் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அன்று பள்ளியைத் திறந்தது எளிது, அதற்குக் கட்டடம் கிடைத்ததுதான் கடினம். 1954-ல் காமராஜர் முதலமைச்சரான பிறகு, கல்வித்துறைக்கு நெ.து. சுந்தரவடிவேலு இயக்குநராக இருந்த காலத்தில், பிள்ளை நடந்து போகிற ஒரு மைலுக்குள் தொடக்கப்பள்ளி வேண்டும் என்பது அரசின் குறிக்கோளாயிற்று. பள்ளி இல்லாத ஊர்களின் பட்டியல் எடுத்தார்கள். ஓராசிரியர் பள்ளிகள் ஆயிரக்கணக்கில் திறந்தன. 1956-ல் மதிய உணவு வந்தது. 1958-ல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. மணி, பெஞ்சு, கடிகாரம், கரும்பலகை, சுவர், நிலம் என்று இருந்ததை ஊரார் கொண்டுவந்து கொடுத்தார்கள். அரசிடம் அன்று கட்டடத்துக்குப் பணம் இல்லை. பள்ளியைத் திறந்துவிட்டுக் கட்டடத்தைப் பிறகு தேடினார்கள். கோயில் மண்டபம், சாவடி, யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணை என எதிலும் பள்ளி நடந்தது.

ஆனால் ஒரு மைல் என்பது சமவெளியின் அளவு. மலையில் எதிர்ச்சரிவு வீட்டில் அடுப்புப் புகை தெரியும், கூப்பிட்டால் குரல் கேட்கும். அங்கே போக ஓடையில் இறங்கி ஏற இரண்டு மணி நேரம் பிடிக்கும். மழை வந்தால் அன்றைக்குப் போகவே முடியாது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 2010-ல் வெளியிட்ட மாதிரி விதிகளில் இது எழுத்தாகவே வந்தது. தொடக்கப்பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டும். நிலச்சரிவு, வெள்ளம், சாலையின்மை, பிள்ளைகள் வரும் வழியில் ஆபத்து உள்ள இடங்களில் அந்தத் தூரத்தையும் குறைத்து, ஆபத்தைத் தவிர்க்கும்படி பள்ளியை அமைக்கவேண்டும். மலைக்காரர்களுக்குச் சாதகமாக எழுதப்பட்ட வரி இது. இதை எடுத்துக்காட்டி யாராவது கேட்கவேண்டும்.

பழைய மலைப்பள்ளி எப்படிக் கட்டினார்கள்? மூங்கில் கால், ஈற்றைப் பாய் அடைப்பு, அதன்மேல் மண் பூச்சு, மேலே போதைப்புல் கூரை, தரையில் சாணி மெழுக்கு. கீழேயிருந்து ஏறியவை ஆணி, கயிறு, ஒரு பலகை, ஒரு பெட்டி சாக்பீஸ். பலகை வெளுத்துப் போனால் அடுப்புக்கரியை ஊமத்தை இலைச்சாற்றில் அரைத்துப் பிள்ளைகளே தேய்த்துக் கறுப்பாக்குவார்கள். கை இரண்டு நாளைக்குப் பச்சையும் கறுப்புமாக இருக்கும். அந்தக் கட்டடத்தில் ஒரு பெரிய நன்மை உண்டு: கட்டியவனே பழுதும் பார்ப்பான். சுவர் விரிந்தால் மண் குழைக்க ஆள் கூப்பிடவேண்டியதில்லை. குறைகளும் உண்டு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புல் மாற்றவேண்டும். ஒழுகும். பாம்பு வரும். கோடையில் மலை பற்றினால் ஒரு பொறி போதும்.

அந்தப் பொறி மலையில் விழவில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில், ஊர் நடுவே, கீற்றுக்கூரைப் பள்ளி எரிந்து 94 குழந்தைகள் மாண்டார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் பள்ளிகளில் கீற்றுக்கூரை இருக்கக்கூடாது என்றாயிற்று. அந்த முடிவு சரி. அந்தக் குழந்தைகளின் பெயரால் எடுத்த முடிவை யாரும் குறை சொல்லக்கூடாது. ஆனால் அதன் பிறகு பள்ளிக்கூடம் என்றாலே சிமென்ட், கம்பி, செங்கல், கான்கிரீட் தளம் என்ற ஒரே வரைபடம் நிலைத்துவிட்டது. மதுரைக்கும் மலைக்கும் அதே வரைபடம்தான். சாலை இல்லாத ஊருக்கு அந்த வரைபடத்தின் எடை என்ன என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

இருபதுக்கு இருபது அடியில் ஒரே ஒரு வகுப்பறை, 400 சதுர அடி. கொத்தனார்கள் சொல்லும் வழக்கமான கணக்கில், சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமென்ட் என்றால் 160 மூட்டை. மூட்டைக்கு 50 கிலோ, ஆக 8 டன். கம்பி ஒன்றரை டன். செங்கல் 4,000, கல்லுக்கு 3 கிலோ என்று வைத்தால் 12 டன். மணல் 700 கன அடி, முப்பது டன்னுக்கு மேல். ஜல்லி 500 கன அடி, இருபது டன்னுக்கு மேல். எல்லாம் சேர்த்தால் 75 டன்னை ஒட்டி வருகிறது. கதவு, ஜன்னல், கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி இதில் சேரவில்லை. தரையில் இது சில லாரி லோடு, மூன்று நாள் வேலை. மலைப்பாதையில் கோவேறு கழுதை ஒன்று நடைக்கு 75 கிலோ சுமந்தால், 75 டன்னுக்கு ஆயிரம் நடை. பத்துக் கழுதைகள் தினம் ஒரு நடை ஏறினால் நூறு நாள். நடுவே மழை நாள் கழியும். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கத்துச் சரிவில் கழுதைக்கே கால் வழுக்கும்.

எண்ணிக்கைக்கு அப்பால் இன்னும் இருக்கிறது. கம்பி 40 அடி நீளத்தில் வரும். வளைந்து வளைந்து போகும் ஒற்றையடிப் பாதையில் அது திரும்பாது. பத்தடி, பன்னிரண்டடியாக வெட்டி ஏற்றவேண்டும். வெட்டிய கம்பியை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிக் கட்டினால்தான் பலம் என்பதால் கம்பி கூடுதலாகச் செலவாகும். சிமென்ட் மூட்டையில் ஈரம் ஏறினால் கட்டி தட்டிப் போகும். வழியில் தூறல் பிடித்தால் அந்த நடை வீண். தகரத்தை இருவர் பிடித்துக்கொண்டு ஏறும்போது காற்று அடித்தால் அது பாய்மரம் மாதிரி ஆளை இழுக்கும். மேலே கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு, தளம் போட்ட கான்கிரீட்டை நாள்கணக்கில் நனைத்து வைக்கத் தண்ணீர் வேண்டும். ஊற்று கீழே பள்ளத்தில் இருக்கும். ஒப்பந்தக்காரர் டெண்டரில் சமவெளி விலையைப் பார்த்துவிட்டு வரமாட்டார். வந்தவரும் பாதியில் விட்டுப் போவது ஏன் என்று இந்தக் கணக்கைப் பார்த்தால் விளங்கும்.

சுமையைக் குறைக்க வழி உண்டா? உண்டு. லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞரை எல்லாரும் திருவனந்தபுரத்துச் செங்கல் வீடுகளுக்காக நினைக்கிறார்கள். அதற்கு முன்னால் அவர் இமயமலையில் பித்தோராகட் பக்கம் பதினைந்து வருஷத்துக்கு மேல் வாழ்ந்து, அங்கே கிடைத்த கல்லிலும் மண்ணிலும் மரத்திலும் மருத்துவமனையும் பள்ளியும் கட்டினார். 1960-களில் தெற்கே வந்தபோது முதலில் குடியேறிய இடம் நம் ஏலமலைக்குப் பக்கத்தில் உள்ள வாகமண். வீட்டுக்கு வேண்டிய பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பதாக இருக்கவேண்டும் என்று காந்தி அவரிடம் சொன்னாராம். அதைக் கடைசிவரை அவர் விடவில்லை. அந்த ஐந்து மைல் விதியைச் சாலையில்லாத மலைக்குப் பொருத்திப் பாருங்கள். 75 டன்னில் மணலும் ஜல்லியும் செங்கலும் மட்டும் அறுபது டன்னுக்கு மேல். மலையிலேயே கிடக்கும் கல்லை உடைத்துச் சுவர் எடுத்தால், மண்ணை அரைத்துச் சாந்தாக்கினால், அந்த எடையில் பெரும்பகுதி கழுதை முதுகிலிருந்து இறங்கிவிடும். கீழேயிருந்து ஏற்றவேண்டியது கூரைக்கான பொருளும் கொஞ்சம் சிமென்ட்டும்தான். கல் சுவர் தீப்பிடிக்காது. கும்பகோணத்துக்குக் கொடுத்த வாக்கும் காப்பாற்றப்படும். இந்த வரைபடம் பொதுப்பணி அலுவலகங்களில் ஏன் புழக்கத்துக்கு வரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இடம் கிடைக்காது, காடு என்று சொல்வார்கள். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு இதற்கென்றே இருக்கிறது. பள்ளி, அங்கன்வாடி, மருந்தகம், குடிநீர், சாலை முதலிய 13 வகைப் பொதுத் தேவைகளுக்கு, கிராமசபை பரிந்துரைத்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தைத் தரலாம். வெட்டும் மரம் ஹெக்டேருக்கு 75-க்கு மேல் போகக்கூடாது. ஒரு வகுப்பறைக்கு ஒரு மரத்தைக்கூட வெட்டவேண்டியிராது.

மலைமுகட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கும் இடமலைக்குடியை இங்கே சொல்லவேண்டும். முதுவர்களின் ஊர். முதுவர்கள் எங்கள் பக்கத்திலிருந்து போனவர்கள். குரங்கணிக்கு மேலே முதுவாக்குடி இன்றும் இருக்கிறது. மதுரையை விட்டு வெளியேறியபோது மீனாட்சியை முதுகில் சுமந்து மலையேறினோம், அதனால்தான் முதுவர் என்று அவர்களே சொல்கிறார்கள். அவர்கள் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்டால் நமக்குப் பாதிக்கு மேல் புரியும். 2010-ல் கேரளம் இடமலைக்குடியைத் தனி ஊராட்சியாக்கியது. அந்த மாநிலத்தின் முதல் பழங்குடி ஊராட்சி. காட்டுக்குள் இருபதுக்கு மேற்பட்ட குடிகள், ஒன்றுக்கொன்று மணிக்கணக்கான நடைத்தூரத்தில். மூணாற்றிலிருந்து ராஜமலை வழியாகப் பெட்டிமுடி வரை வண்டி போகும். அதற்குமேல் காடு. ஊராட்சி அமைந்த பிறகும் அதன் அலுவலகம் வருஷக்கணக்கில் தேவிகுளத்தில்தான் இருந்தது. ஊர் ஓரிடம், ஊரின் அலுவலகம் வேறிடம்.

அங்கே சொசைட்டிக்குடியில் அரசுப் பள்ளி ஒன்று இருக்கிறது. அதற்கான பொருள்கள் பெட்டிமுடியிலிருந்து மனிதர்களின் தலையிலும் முதுகிலுமாகக் காட்டுக்குள் போனவை. ரேஷன் அரிசியும் அப்படித்தான் போனது. சாமியைச் சுமந்து போனவர்களின் வழித்தோன்றல்கள் பள்ளிக்கூடத்தைச் சுமந்தார்கள் என்று எனக்குத் தோன்றும். அண்மைக் காலத்தில் கான்கிரீட் பாதை போடும் வேலை தொடங்கியிருக்கிறது. அந்தப் பாதையின் தொடக்கமான பெட்டிமுடியில்தான் 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து எழுபது பேர் போனார்கள். லயத்தில் தூங்கிக்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள், பள்ளிப் பிள்ளைகள் உட்பட. மலையில் எதைக் கட்டினாலும் எங்கே கட்டுகிறோம் என்பதை முதலில் பார்க்கவேண்டும். மழைநீர் இறங்கும் வழி எது என்பது அந்த இடத்தில் வாழ்கிறவருக்குத்தான் தெரியும். வரைபடம் போடுகிறவர் அவரைக் கேட்டுவிட்டுப் போடட்டும்.

இத்தனைக்கும் பிறகு, கட்டடம் எழும்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் நிற்க ஆசிரியர் வேண்டும். ஆயிரம் நடையில் கட்டடம் முடிந்துவிடும், ஆசிரியரின் நடை முடியாது.

அன்றைய ஓராசிரியர் மலையிலேயே தங்கினார். வேறு வழி இல்லை. ஊராரே வீடு கொடுத்தார்கள், தினை கொடுத்தார்கள், விறகு கொடுத்தார்கள். கடிதம் எழுதித் தருபவரும் அவரே, மனு எழுதுபவரும் அவரே, காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பவரும் அவரே. இன்றைய ஆசிரியருக்குப் போடியிலோ தேனியிலோ வீடு, படிக்கிற பிள்ளைகள், வயதான பெற்றோர். தினம் ஏறி இறங்குவது என்றால் காலில் ஐந்தாறு மணி நேரம் போய்விடும். பாடத்துக்கு மிஞ்சுவது என்ன? நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். மேலே தங்கக் கதவு பூட்டுகிற ஓர் அறை, கழிப்பறை, சிக்னல், அதற்கு ஈடான படி எதுவும் கொடுக்காமல் தங்கு என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. மலைப்பள்ளி கட்டும்போது வகுப்பறைக்கு முன்னால் ஆசிரியர் குடியிருப்பைக் கட்டவேண்டும் என்பேன். 75 டன்னில் பாதியை அதற்குச் சுமந்தாலும் தகும்.

கேரளத்தில் 1990-களின் இறுதியில், மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தின் கீழ், மலைக்குடிகளில் ஓராசிரியர் கற்றல் மையங்கள் திறந்தார்கள். ஓலைக்கொட்டகை, பத்துப் பதினைந்து பிள்ளைகள், பல வகுப்புகள் ஒரே அறையில். திருவனந்தபுரம் மாவட்டத்து அம்பூரியில் ஓர் ஆசிரியை தினம் தானே படகு வலித்து நீர்த்தேக்கத்தைக் கடந்து, பிறகு மலையேறி, குன்னத்துமலைப் பிள்ளைகளுக்கு இருபது வருஷத்துக்கு மேல் பாடம் சொன்னார். 2022-ல் அரசு அந்த மையங்களை மூடியது. பிள்ளைகளை வேறு பள்ளிகளில் சேர்த்தார்கள். ஆசிரியர்களுக்கு வேலை போகாது என்று சொல்லிவிட்டுக் கொடுத்த வேலை, பள்ளிகளில் துப்புரவுப் பணி. அந்த ஆசிரியையின் கையில் துடைப்பம் இருந்த படத்தைப் பத்திரிகைகளில் பார்த்தோம். எந்த வேலையும் தாழ்ந்ததல்ல, அவரும் அப்படித்தான் சொன்னார். ஆனால் காட்டுக்குள் இருபது வருஷம் எழுத்துச் சொன்ன அனுபவம் ஒரு மாநிலத்தின் கணக்கில் எந்தப் பத்தியிலும் வரவில்லை என்பதை அன்று பார்த்தேன். ஒரே அறையில் நாலு வகுப்பை நடத்தத் தெரிந்தவர்கள் அவர்கள். ஆந்திரத்து ரிஷிவேலியில் ஓராசிரியர் கிராமப் பள்ளிகளுக்காக உருவான அட்டை முறையிலிருந்துதான் தமிழ்நாடு செயல்வழிக் கற்றலை எடுத்து 2007-08-ல் மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது. சின்னப் பள்ளியில் பிறந்த முறை பெரிய பள்ளிகளுக்குப் போனது. சின்னப் பள்ளிகளோ குறைந்துகொண்டே வருகின்றன.

சாலை வந்த மலையூர்களில் இன்று வேறு ஒன்று நடக்கிறது. சாலை வந்தால் பள்ளிக்கூடம் வளரும் என்றுதான் நினைத்தோம். ஜீப் வந்தது, ஜீப்பில் ஏறிப் பிள்ளைகள் கீழே போனார்கள். கொஞ்சம் கையில் காசு உள்ளவர் இங்கிலீஷ் பள்ளிக்கு, இல்லாதவர் உண்டு உறைவிடப் பள்ளிக்கோ விடுதிக்கோ. மேலே ஐந்து பிள்ளை, மூன்று பிள்ளை என்று குறைகிறது. குறைந்தால் மூடலாம் என்று கோப்பு நகரும். ஆறு வயதுப் பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு மலையேறும் தாயின் முகத்தை ஜூன் மாதத்தில் எங்கள் பஸ் நிலையங்களில் பார்க்கலாம். பத்தாம் வகுப்புக்கு விடுதி சரி. ஒன்றாம் வகுப்புக்கு வேண்டாம். அந்த வயதில் பள்ளி பிள்ளையிடம் வரவேண்டும், அது மூன்றே பிள்ளைகளாக இருந்தாலும்.

ஏலத்தோட்டமும் முகம் மாறிவிட்டது. எங்கள் பெண்கள் தினம் போய்த் திரும்புகிறார்கள். லயத்தில் தங்குகிறவர்களில் ஜார்கண்ட், அசாம், மத்தியப் பிரதேசத்து ஆட்கள் பலர். எங்கள் பாட்டிமார் இடுப்பில் பிள்ளையோடு ஏறிய மாதிரி அவர்கள் ரயிலேறி வருகிறார்கள். எட்டு வயதுப் பெண் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் காட்சி இன்னும் இருக்கிறது. அவள் பேசும் மொழி மட்டும் வேறு.

நல்லதையும் சொல்லவேண்டும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கிய காலை உணவுத் திட்டம் முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகளுக்குப் போனது. அதில் மலைப்பகுதிப் பள்ளிகளும் இருந்தன. 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தது. நாலரை மணி ஜீப்பில் ஏறுகிற தாய்க்கு இதன் அருமை தெரியும். அடுப்பு மூட்டாமல் போனோமே என்ற கவலை இல்லாமல் அவள் காய் எடுக்கிறாள். மதிய உணவில் முட்டையும் உண்டு. சாலையில்லாத ஊரில் அந்த முட்டையும் ஆள் சுமந்துதான் ஏறவேண்டும்.

எங்கள் தென்மாவட்டங்களில் பழைய பாதையோரம் சுமைதாங்கிக் கல் நிற்கும். வயிற்றுப்பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக, இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்கப் போட்டு வைப்பது. தலைச்சுமைக்காரர் யார் உதவியும் இல்லாமல் இறக்கி வைக்க, திரும்ப ஏற்றிக்கொள்ள. மலைப்பாதையில் அப்படி நட்ட கல் இல்லாத இடத்தில் தோள் உயரப் பாறையே அதற்கு உதவும். திங்கட்கிழமை காலையில் மேலே ஏறும் ஆசிரியரும், சத்துணவு ஆயாவும், மூட்டைக்காரரும் அங்கே கொஞ்சம் நிற்பார்கள். சாக்பீஸ் பெட்டி, வருகைப் பதிவேடு, இருமல் மருந்து, பருப்பு மூட்டை, முப்பது முட்டை அடுக்கிய அட்டை. முட்டையைக் கழுதைமேல் ஏற்றமுடியாது, குலுங்கும். அதைக் கையில்தான் கொண்டுபோகவேண்டும். பாறைமேல் வைத்துவிட்டு, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, உடையவில்லை என்று தெரிந்த பிறகு ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு ஏறுவார்கள். மேலே பதினோரு பிள்ளைகள் பாதை முனையில் வந்து நின்றுகொண்டிருக்கும்.